நேப்பாளத்துக் கடல்

என்னைவிட மூன்றே மாதம் மூத்தவளை நான் அக்கா என்று அழைக்க வேண்டும் என்பது எங்கள் குடும்பச் சட்டம். அவள் பெரியப்பா மகள். எங்கள் இருவருக்கும் ஒரே வயது, ஒரே உயரம், ஒரே அளவு சப்பாத்து. ஆனாலும் பிறந்தநாள் கேக் வெட்டும் மேசையிலிருந்து மறைக்கல்வி வகுப்பு வரிசை வரை அவளுக்குப் பின்னால்தான் எனக்கு இடம். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். அத்தை அந்த நீல அட்டையைத் தூக்கி அவள் கையில் கொடுத்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அத்தை என்றால் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே தங்கை. பினாங்கில் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தார். என்ன படிப்பு என்று யாராவது கேட்டால் எங்கள் வீட்டில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். கடற்கரையில் ஒதுங்கும் குப்பையை எண்ணுவதுதான் அத்தையின் படிப்பு. "சம்பா பொறுக்கவா இம்புட்டு வருஷம் படிச்ச?" என்று பெரியம்மா ஒருமுறை கேட்டேவிட்டார். சம்பா என்றால் மலாயில் குப்பை. அத்தை சிரித்துக்கொண்டே, "சும்மா பொறுக்கல அண்ணி, எழுதி வச்சிட்டுப் பொறுக்குறேன்" என்றார்.

வருடத்தில் நான்கு முறை, காற்று மாறும்போதெல்லாம், அதே கடற்கரைக்குப் போய் அதே இடத்தில் நூறு மீட்டர் கயிற்றைப் போட்டு, உள்ளே கிடப்பதை ஒன்று விடாமல் எடுத்து, இனம் பிரித்து எழுத வேண்டும். எந்தப் பருவத்தில் எவ்வளவு வருகிறது, எந்த ஊரிலிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. நான்கு பருவமும் ஒழுங்காக முடிந்தால் அத்தைக்கு ஆஸ்திரேலியாவில் மேலே படிக்க ஓர் இடம் காத்திருந்தது.

திகாம் பத்துவில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து கடற்கரை கிட்டம் என்பதால் அந்த வருடம் முழுவதும் அத்தை எங்களோடு தங்கினார். என் அறையில், என் கட்டிலில் பாதியில். அவர் துண்டு என் துண்டுக்குப் பக்கத்தில் காய்ந்தது. ஆகவே அத்தை என்னுடையவர் என்று நான் முடிவு செய்துவிட்டேன். பிப்ரவரியில் முதல் எண்ணிக்கைக்குக் கிளம்பியபோது அவருடைய பழைய கஞ்சில் கார் கடலுக்குப் போகாமல் சுங்கை பட்டாணிப் பக்கம் திரும்பி, பெரியப்பா வீட்டு வாசலில் போய் நின்றது. அக்கா தொப்பியும் தண்ணீர்ப் போத்தலுமாகத் தயாராக நின்றாள்.

"கயிறு பிடிக்க ரெண்டு பேர் வேணும்லா" என்றார் அத்தை.

கயிற்றைப் பிடித்தது என்னவோ நான்தான். அக்காவுக்குக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று சொல்லி, தாள் செருகிய நீல அட்டையை அவளிடம் கொடுத்தார் அத்தை. அட்டையின் தலையில் இரும்புக் கிளிப் இருந்தது. அதில் நூலில் கட்டிய பேனா ஒன்று தொங்கியது. அக்கா அதை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள். நான் சாக்கைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

கடற்கரையில் அத்தைக்கு இரண்டு இடங்கள். ஒன்று மீன் சுட்டு விற்கும் கடைகளுக்கு அருகில். அது அக்காவின் பொறுப்பு. மற்றொன்று ஆறு கடலில் விழும் பக்கம், சவுக்கு மரங்களுக்குக் கீழே, மனிதவாடையே இல்லாத இடம். அது என் பொறுப்பு. அக்கா பக்கத்தில் போத்தல் மூடி, உறிஞ்சுகுழல், பொட்டல நெகிழி என்று எதைத் தொட்டாலும் கணக்கு ஏறியது. தாய்லாந்து எழுத்துப் போட்ட தீமூட்டி ஒன்றுகூடக் கிடைத்தது. அடுத்து ஓர் இந்தோனேசிய ஷாம்பு பாக்கெட். அத்தை குதித்தேவிட்டார். "ஐயோ, சுமத்ராவுல இருந்து நீந்தி வந்திருக்குடி!" என்று அக்காவைக் கட்டிக்கொண்டார்.

என் பக்கத்தில் தேங்காய் மட்டை கிடந்தது. பன்னிரண்டு மட்டைகளைச் சுமந்துகொண்டு போய் அத்தை காலடியில் குவித்தேன்.

"இது சம்பா இல்லம்மா. மரத்துல இருந்து தானா விழுந்தது. எண்ணக் கூடாது."

அக்கா என் பக்கத்துக் கட்டத்தில் ஒரு சைபர் போட்டாள். அழகான, வட்டமான சைபர். "சைபரும் ஒரு நம்பர்தான்லா, அதையும் எழுதணும்" என்றார் அத்தை. அவளைக் கட்டிப்பிடித்துவிட்டு என்னிடம் இப்படிச் சொன்னால் எப்படி நம்புவது? எனக்கு வயிறு எரிந்தது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்து, பசி என்று நினைத்து அத்தை கெரோப்போக் என்னும் மீன் அப்பளம் இரண்டு வாங்கிக் கொடுத்தார். அழுதுகொண்டே தின்றேன். ருசியாகத்தான் இருந்தது.

மே மாதம் இரண்டாவது எண்ணிக்கை. அக்காவுக்கு மூன்று நாட்டுக் குப்பை. எனக்கு ஓர் உறிஞ்சுகுழல். அதுவும் உடைந்தது. வரும் வழியில் காரின் முன் இருக்கையில் அக்கா, பின் இருக்கையில் நானும் சாக்கும்.

அப்பா அப்போது தொழிற்சாலை பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். சுங்கை பட்டாணி விடுதியிலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளர்களை ஏற்றி, கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் இறக்கிவிட்டு, வேலை முடிந்ததும் திரும்ப ஏற்றி வருவார். சனிக்கிழமைகளில் வாசலில் நிற்கும் அந்த பஸ்ஸைக் கூட்டுவது என் வேலை. பயணிகளில் பாதிப் பேர் நேப்பாளத்து அண்ணன்கள். அவர்கள் மீ நூடுல்ஸ் பாக்கெட்டைப் பிரித்து, வேகவைக்காமல் அப்படியே நொறுக்கி, மசாலாவைத் தூவித் தின்பார்கள். அவர்களுடைய ஊர் மீ. பாக்கெட்டின் மேல் எங்கும் பார்த்திராத எழுத்து. கொடிக்கம்பியில் துணி காயப்போட்டது மாதிரி மேலே ஒரு கோடு, அதிலிருந்து தொங்கும் எழுத்துகள். ஒரு சனிக்கிழமை துடைப்பமும் கையுமாக நின்றபோது எனக்கு அந்த யோசனை வந்தது.

ஏழு பாக்கெட்டுகளைத் தேர்ந்தெடுத்தேன். கடலில் கிடந்தது எப்படி இருக்கும் என்பது இரண்டு எண்ணிக்கைகளில் எனக்கு அத்துப்படி ஆகியிருந்தது. குளியலறைக்குப் பின்னால் ஒரு வாளியில் உப்புத் தண்ணீர் கரைத்து ஐந்து நாள் ஊறப்போட்டேன். பிறகு கோழிக்கூண்டுத் தகரத்தில் செங்கல்லை மேலே வைத்து, மோர்மிளகாய் காயவைப்பதுபோல் வாரக்கணக்கில் வெயிலில் வைத்தேன். சாயம் வெளுத்தது. மணலில் போட்டுத் தேய்த்தேன், ஓரங்கள் பிய்ந்தன. "என்னாடி பண்ற அங்க?" என்று அம்மா கேட்டதற்கு, "ஸ்கூல் ப்ராஜெக்ட்" என்றேன். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு எதிர்ப்பேச்சே கிடையாது.

ஆகஸ்டில் தென்மேற்குக் காற்று. கடல் தேநீர் நிறத்தில் இருந்தது. வருடத்திலேயே குப்பை அதிகம் ஒதுங்கும் பருவம் அதுதான் என்று அத்தை முன்பே சொல்லியிருந்தார். அவரும் அக்காவும் கடைப் பக்கம் குனிந்து எண்ணிக்கொண்டிருந்தபோது, ஏழு பாக்கெட்டுகளையும் ஒளித்துவைத்திருந்த மழைச்சட்டைப் பையுடன் என் இடத்துக்கு ஓடினேன். இரண்டைச் சவுக்கு வேரில் சிக்கவைத்தேன். மூன்றைப் பாதி புதைத்தேன். மிச்சத்தை அலை போட்ட கோட்டில் ஒன்றைவிட்டு ஒன்று தள்ளிப் போட்டேன். அவர்கள் வந்ததும் ஒன்றும் அறியாதவள்போல் ஒரு பாக்கெட்டைத் தூக்கிப் பிடித்து, "அத்தே, இது என்னா எழுத்து?" என்று கேட்டேன்.

அத்தை மணலில் மண்டியிட்டார். பாக்கெட்டை விரித்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஹிந்திடி இது! இந்தியாவுல இருந்து வந்திருக்கு! அவ்ளோ பெரிய கடலத் தாண்டி!"

ஒன்று, இரண்டு, ஏழு என்று கிடைக்கக் கிடைக்க அவருக்குத் தலைகால் புரியவில்லை. என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். அவர் தோளுக்கு மேலாக அக்காவைப் பார்த்தேன். அவள் எழுதவில்லை. பேனாவைப் பிடித்தபடி நின்றாள்.

"அத்தே, இது சித்தப்பா பஸ்ல கெடக்கிற மீ பாக்கெட் மாதிரி இருக்கு."

அத்தை பாக்கெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

"பஸ்ல கெடக்கிறது புதுசா பளபளன்னு இருக்கும்லா. இத பாரு, மாசக்கணக்கா தண்ணில கெடந்து எப்படி வெளுத்துப் போயிருக்கு."

"இல்ல அத்தே, அதே கலரு, அதே கோழிப் படம்..."

"தங்கச்சிக்கு ஒன்னு கெடச்சா நீ சந்தோஷப்படணும். இப்படிப் பொறாமப்படக் கூடாது."

அக்காவின் முகம் காதுவரை சிவந்தது. அழவில்லை. அட்டையை மணலில் வைத்துவிட்டு, காருக்குப் போய் பின் இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள். நான் அட்டையை எடுத்து மணலைத் தட்டிவிட்டு, என் கட்டத்தில் என் கோணல் கையெழுத்தில் ஏழு என்று எழுதினேன். திரும்பும்போது முன் இருக்கை எனக்கு. வழி நெடுக ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காற்று வாங்கினேன். வாழ்க்கையில் அவ்வளவு இனிப்பான காற்றை அதற்குப் பிறகு நான் வாங்கியதில்லை.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு எட்டு வாரம் ஓடியது. அந்த எட்டு வாரமும் அத்தை தரையில் பெரிய தாளை விரித்து வரைபடம் போட்டார். இந்தியாவிலிருந்து எங்கள் கடற்கரைக்கு ஓர் அம்புக்குறி. அதற்குச் சிவப்பு வண்ணம் தீட்டியது நான்தான். அக்டோபரில் அத்தை புது பாஜு கூரோங் உடுத்திக்கொண்டு, அந்தப் படத்தோடு பினாங்குக்குப் போனார். பல்கலைக்கழகத்தில் எல்லார் முன்னாலும் பேச வேண்டிய நாள் அது.

திரும்பி வந்தவர் சாப்பிடவில்லை. உடுப்பைக்கூட மாற்றாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். நடந்ததை அப்பா சமையலறையில் அம்மாவிடம் சொன்னார். படத்தைப் பெரிய திரையில் காட்டியதும் பின்வரிசையில் இருந்த மாணவர் ஒருவர் எழுந்து, அது தன் ஊர் மீ என்றாராம். நேப்பாளத்து மீ. "எங்க ஊருல கடலே இல்லையே, எப்படி மிதந்து வந்திச்சு?" என்று அவர் கேட்டதும் மண்டபமே சிரித்ததாம். அப்பாவுக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். நான் அடக்கவில்லை.

"சிரிக்காதடி. அந்தப் பருவத்துக் கணக்கே செல்லாதுன்னுட்டாங்க. அடுத்த வருஷம் அதே காத்து வந்து, மறுபடி எண்ணணும்" என்றார் அப்பா.

"அப்ப அத்தை ஆஸ்திரேலியாவுக்குப் போக மாட்டாங்களா?"

"எங்க போறது? அதுவரைக்கும் அந்த எடம் நிக்குமா?"

நிற்கவில்லை. ஆனால் அன்று எனக்குக் கேட்டதெல்லாம் அத்தை போகவில்லை என்பதுதான். இன்னும் ஒரு வருடம் என் கட்டிலில் பாதி அவருக்கு. கோழிக்கூண்டுக்குப் பின்னால் ஓடிப்போய், யாரும் பார்க்காமல் குதித்தேன். ஜெபம் கேட்கப்பட்டது என்றே நினைத்தேன். செங்கல் இன்னும் அங்கேதான் கிடந்தது.

அடுத்த சனிக்கிழமை அத்தையின் கார் கிளம்ப மறுத்தது. அப்பா அவரை பஸ்ஸிலேயே ஏற்றி டவுனில் இறக்கிவிடுவதாகச் சொன்னார். நான் உள்ளே கூட்டிக்கொண்டிருந்தேன். அத்தை படியில் கால் வைத்தவர் அப்படியே நின்றார். குனிந்து ஒரு பாக்கெட்டை எடுத்தார். புதியது, பளபளப்பானது, கோழிப் படம் போட்டது. ஜன்னல் வெளிச்சத்தில் அதை முன்னும் பின்னுமாகத் திருப்பினார். பிறகு என்னைப் பார்த்தார். நான் முன்னைவிட வேகமாகக் கூட்டினேன். அத்தை அந்தப் பாக்கெட்டை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். அதைப் பற்றி இன்றுவரை அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அன்று டவுனிலிருந்து அத்தை நேராகப் பெரியப்பா வீட்டுக்குப் போனார். இரவுச் சாப்பாட்டுக்கும் வரவில்லை. அக்காவை மட்டும் வெளியே கூட்டிப்போய் ஐஸ் காச்சாங் வாங்கிக் கொடுத்தாராம். அவளிடம் ரொம்ப நேரம் ஏதோ பேசினாராம், பேசும்போது கண் கலங்கினாராம். பெரியம்மா போனில் சொன்னதை அம்மா சொன்னார். அவர் மன்னிப்புக் கேட்கப் போயிருப்பார் என்று எனக்கு எப்படித் தெரியும்? என்னை விட்டுவிட்டு ஐஸ் காச்சாங் சாப்பிட்டார்கள் என்பதுதான் தெரிந்தது. நவம்பர் எண்ணிக்கைக்குத் தொப்பி போட்டுக்கொண்டு காரில் ஏறப்போனேன். "இந்தத் தடவ நீ வேணாம்மா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார் அத்தை. நீல அட்டை முன் இருக்கையில் இருந்தது. அது யாருக்கு என்று கேட்கவே வேண்டாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று முழுவதும் அத்தையின் துண்டை என் துண்டுக்குப் பக்கத்தில் காயவிடவில்லை.

டிசம்பரில் எங்கள் இருவருக்கும் முதல் பாவசங்கீர்த்தனம். வழக்கம்போல் வரிசையில் அக்கா முன்னால், நான் பின்னால். அவள் உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தாள். நான் பாவங்களைத் தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அம்மாவிடம் பொய் சொன்னது, ஜெபமாலையின்போது தூங்கியது, பக்கத்து வீட்டுக் கொய்யா பறித்தது. வாளியும் உப்பும் அந்தப் பட்டியலில் இல்லை. குப்பை கிடக்கும் இடத்தில் இன்னும் ஏழு குப்பை போட்டது பாவம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஃபாதர் பொறுமையாகக் கேட்டார். "வேற ஏதாச்சும் இருக்காம்மா? யார் மேலயாச்சும் பொறாமப்பட்டியா?"

நான் நேர்மையாகத்தான் யோசித்துப் பார்த்தேன்.

"நான் இல்ல ஃபாதர். எங்க அக்காதான் பொறாமப்பட்டா. எங்க அத்தையே சொன்னாங்க."

பிறகு ஃபாதர் மூன்று 'அருள் நிறைந்த மரியே' சொல்லச் சொன்னார். பீடத்துக்கு முன்னால் மண்டியிட்டு இரண்டை எனக்காகச் சொன்னேன். மூன்றாவதை, பெரிய மனது பண்ணி, அக்கா திருந்த வேண்டும் என்று வேண்டிக்கொண்டு அவளுக்காகச் சொன்னேன்.