வாரத்துக்கு விட்ட நாற்பது பங்கு

கெங்கம்மாள் அக்காவுக்கு நான் நானூறு ரூபாய் கடன்பட்டிருந்தேன். 1951இல் வாங்கியது. பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது. மாமா செத்துப்போனபின் கோலியனூரில் ஏர் ஓட்ட ஆளில்லாமல் தன் உழவுமாட்டு ஜோடியை விற்றாள். அந்தப் பணம் அது.

நான் அப்போது திண்டிவனம் மண்டியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷம் உட்கார்ந்ததோடு சரி. சீனுவாசன் என்று ஓர் ஏஜெண்ட், கிணற்றுக்கு பம்புசெட் செய்யும் மெட்ராஸ் கம்பெனிக்காகப் பங்கு விற்க வந்தார். பங்கு ஒன்று பத்து ரூபாய். மண்டி முதலாளிகள் ஒருவரும் வாங்கவில்லை. அவர்கள் சீனுவாசனின் கிழிந்த செருப்பைப் பார்த்தார்கள். நான் கிணறுகளைப் பார்த்தேன். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும்வரை எத்தனை கிணறு! எல்லாவற்றிலும் மாடுதான் தண்ணீர் இறைத்தது. என்றைக்காவது இத்தனை கிணற்றிலும் பம்பு வைத்துத்தானே ஆகவேண்டும்? படித்தவனுக்கு வராத யோசனை எனக்கு வந்தது.

நாற்பது பங்குக்கு விண்ணப்பத்தில் இடது பெருவிரலை உருட்டினேன். கையெழுத்து அப்போது தெரியாது.

அக்கா பணத்தைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டாள். "கூடப்பொறந்தவங்கிட்ட வட்டி வாங்க மாட்டேன். சும்மாவும் குடுக்க மாட்டேன். வாரத்துக்கு விடறேன், வச்சிக்க."

எங்கள் பக்கத்தில் ஆடு மேய்க்க முடியாதவர்கள் ஆட்டை வாரத்துக்கு விடுவார்கள். தாய் ஆடு, கொடுத்தவருக்கே. போடும் குட்டிகளில் கொடுத்தவருக்குப் பாதி, மேய்த்தவருக்குப் பாதி. அக்காவுக்குத் தெரிந்த கணக்கு அது ஒன்றுதான். கம்பெனி வருஷா வருஷம் அனுப்பிய லாபத்தில் பாதியைக் கொண்டுபோய்க் கொடுத்தால், "பால் வந்துடுச்சா?" என்று வாங்கி முந்தானையில் முடிந்துகொள்வாள்.

1957இல் கம்பெனி, ஒரு பங்குக்கு ஒரு பங்கு இனாமாகக் கொடுத்தது. கோலியனூருக்கு ஓடினேன்.

"அக்கா, நாப்பது எண்பதாயிடுச்சு!"

"குட்டி போட்டுதா? எல்லாம் பொட்டையா?"

"காயிதத்துல ஏது அக்கா பொட்ட, கெடா?"

"பொட்டைன்னு வச்சிக்க. ஒண்ணையும் வித்துடாத."

1961இல் இரண்டுக்கு ஒன்று என்று மறுபடியும் இனாம். நூற்றிருபது ஆயிற்று. அதற்குள் நானும் மண்டி வைத்துவிட்டேன். பெயிண்டர் ராயப்பன் எழுதிய கடை போர்டில் என் பெயரைப் பார்த்துப் பார்த்தே கையெழுத்துப் போடப் பழகிக்கொண்டேன். மூக்குக் கண்ணாடியும் பேப்பருமாக நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, எஸ்.எஸ்.எல்.சி. படித்தவன் என்றே புதிதாக வந்தவர்கள் நினைப்பார்கள்.

அடுத்த வருஷம் சீனாக்காரனோடு சண்டை வந்தது. முப்பது ரூபாய்க்கு மேல் போன பங்கு பதினாறுக்கு இறங்கியது. எதிர் மண்டிக்காரன் தாண்டவராயன் தினமும் வந்து கேட்பான்: "இன்னாய்யா விருத்தாசலம், அந்தக் காயிதம் பொட்டலம் கட்டவாவது ஆவுமா?" எனக்குத் தூக்கம் போயிற்று. விற்றுவிடலாமா என்று அக்காவிடம் கேட்டேன்.

"ஆடு காய்ச்சலா படுத்துக்கினு இருக்கும்போது எவன்டா சந்தைக்கு ஓட்டிக்கினு போவான்? போய் வேலயப் பாரு."

விற்கவில்லை. அந்தத் தைரியம் திண்டிவனத்தில் வேறு எவனுக்கும் இருந்திருக்காது. ஒரு வருஷத்தில் விலை முப்பத்தெட்டுக்கு ஏறியது.

அப்போதுதான் அக்காவுக்கு ஆபத்து வந்தது. மகள் சின்னபொண்ணு கல்யாணத்துக்காக, கிணற்றோடு சேர்ந்த தன் நிலத்தை விழுப்புரம் வெங்கடாசலத்திடம் மூவாயிரத்துக்கு ஈடு வைத்திருந்தாள். 1964 தை முடிவதற்குள் பணம் கட்டாவிட்டால் நிலம் அவருக்கே என்று பத்திரம். அவளுக்கு இருந்தது அந்த நிலம் ஒன்றுதான். பொங்கலுக்குப் போனபோது அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"வெங்கடாசலம் ஆளு வந்து சங்கிலி புடிச்சி அளந்துக்கினு போயிட்டான்டா. நம்ம ஆட்டப் புடிச்சிக் குடுத்துடு."

தாய் நாற்பது, குட்டியில் பாதி நாற்பது. அவள் பங்கு எண்பது. முப்பத்தெட்டு ரூபாய் வீதம் மூவாயிரத்து நாற்பது. கச்சிதமாக இருந்தது. சீனுவாசன் மெட்ராஸில் ஒரு தரகரைப் பிடித்து விலை பேசி முடித்தார். விற்பனைத் தாளில் என் கையெழுத்தை நன்றாக, வால் நீட்டிப் போட்டுக் கொடுத்தேன்.

தை முடிய நாலு நாள் இருக்கும்போது சீனுவாசன் அதே தாளோடு வேர்க்க விறுவிறுக்க வந்தார்.

"மொதலாளி, பேஜாரா போச்சுங்க. கம்பெனி திருப்பிட்டாங்க. அவங்க புஸ்தகத்துல இருக்கறது ரேகை. நீங்க கையெழுத்து போட்டுட்டீங்க."

"கையெழுத்து ஒசத்தியா, ரேகை ஒசத்தியா?"

"அவங்களுக்கு ரேகைதாங்க வேணும். மாஜிஸ்திரேட் முன்னால வச்சு அவர் சாட்சி போட்டுத் தரணுமாம். ஜல்தி கெளம்புங்க."

திண்டிவனம் கோர்ட்டு வராந்தாவில் பாதி மண்டி நின்றது. தாண்டவராயனும் ஏதோ வாய்தாவுக்கு வந்திருந்தான். அவர்கள் நடுவில் நான் மை தடவிய விரலோடு நிற்கவேண்டும். கால் திரும்பிவிடலாம் என்றது. சங்கிலி பிடித்து அளந்த நிலம் கண்ணில் வந்தது. உள்ளே போனேன்.

குமாஸ்தா உரக்கக் கேட்டார்: "கையெழுத்து போடத் தெரியுமா, தெரியாதா?"

"இப்பத் தெரியும். அப்பத் தெரியாது. கம்பெனிக்கு அப்ப இருந்த ஆளுதான் வேணுமாங்க."

மாஜிஸ்திரேட்டே சிரித்துவிட்டார். விரலை உருட்டினேன். அவர் சாட்சி போட்டார். வெளியே வந்ததும் தாண்டவராயன் பிடித்துக்கொண்டான்.

"இன்னாய்யா, கைநாட்டா நீ? இத்தினி நாளா பேப்பர வச்சிக்கினு விசிறிக்கினு இருந்தியா?"

"என் விரலுக்கு மூவாயிரத்து நாப்பது ரூவா குடுக்கறான். உன் கையெழுத்துக்கு எவன் இன்னா குடுக்கறான்னு கேட்டுக்கினு வா."

தாளை மடித்துச் சீனுவாசனிடம் கொடுத்தேன்.

மறுநாள் நானே சீனுவாசனோடு மெட்ராஸுக்குப் போனேன். கம்பெனியில் ரேகையை ஒத்துப் பார்க்க ஒரு நாள் போயிற்று. தரகர் பணத்தைக் கையில் கொடுக்கும்போது தை கடைசி நாள், மத்தியானம். ரயிலைப் பிடித்தேன். மயிலத்தில் வண்டி நின்றது. ஏன் நின்றதென்று சொல்ல ஆளில்லை. வேட்டிக்குள் பணப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வெயில் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விழுப்புரத்தில் இறங்கி ஓடினேன். வெங்கடாசலத்தின் கடைப் பலகைகளில் பாதி மாட்டியாயிற்று. வாசல் மூட்டைமேல் அக்கா உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அங்கேயே இருக்கிறாள் என்று கடைப்பையன் சொன்னான்.

"தை முடிஞ்சு போச்சும்மா, எழுந்து போ" என்று வெங்கடாசலம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வெளக்கு வக்கலியே இன்னும். கட பூட்டலியே. அதுக்குள்ள எப்படி முடியும்?" என்றாள் அக்கா. அப்புறம்தான் என்னைப் பார்த்தாள். "ஆடு வந்துடுச்சு."

நான் பையை அவிழ்த்ததும் வெங்கடாசலம் கையை நீட்டினார்.

"கைய மடக்குங்க" என்றாள் அக்கா. "அவன் எனக்குத் தரணும். நான் உங்களுக்குத் தரணும். மொதல்ல ஈட்டுப் பத்திரத்த எடுத்துக்கினு வாங்க."

அவர் பெட்டியைத் திறக்கப் போனார். அக்கா முந்தானையில் கையைத் துடைத்து என் முன்னால் விரித்தாள். என் பெருவிரலில் கோர்ட்டு மை இன்னும் போகவில்லை. அந்த விரலாலேயே நூறு ரூபாய் நோட்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளி, வாய்விட்டு எண்ணி வைத்தேன். முப்பது நோட்டு. அதன்மேல் பத்து, இன்னொரு பத்து, இன்னொன்று. கடைசிப் பத்தையும் வைத்து அவள் விரல்களை மூடினேன்.