‘முன்’ என்று எழுதிய குப்பி

என் பீரோவில் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குப்பி இருக்கிறது. அதில் ஒட்டிய சீட்டில் ஒரு பல் டாக்டரம்மா எழுதிய ‘முன்’ என்ற எழுத்து மங்கிவிட்டது. தூக்கிப் போட மனம் வரவில்லை, பார்க்கவும் பிடிக்கவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் அடி அண்ணாமலை என்ற கிராமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் டீச்சர். அந்த டாக்டரம்மா மேற்படிப்பு ஆய்வுக்காக வந்தார். ஃப்ளோரைடு கலந்த பேஸ்டால் பல் தேய்த்தால் பிள்ளைகளின் எச்சிலில் ஃப்ளோரைடு எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க வேண்டுமாம். தேய்க்கும் முன் ஒரு குப்பி எச்சில், தேய்த்த பின் ஒரு குப்பி. பேஸ்ட் பெட்டியை முதல் நாளே என்னிடம் கொடுத்துவிட்டு, “காலைல யாரும் பல் தேய்க்காம வரணும் டீச்சர், அது ஒண்ணுதான் முக்கியம்” என்றார்.

மறுநாள் பிள்ளைகள் அப்படியே வந்து நின்றார்கள். முந்தின நாள் தேய்த்த அடுப்புக்கரி பல்லிடுக்கில் கறுத்திருந்தது, வாய் நாறியது. வாய் கொப்பளிக்காமல் தண்ணீர்கூடக் குடிக்காத வீட்டில் வளர்ந்தவள் நான். படித்த பெண்ணின் முகத்துக்கு நேரே என் பிள்ளைகள் இந்த வாயைத் திறப்பதா? மானம் போகிறதே என்றுதான் நினைத்தேன், வேறொன்றும் நினைக்கவில்லை. பெட்டியைப் பிரித்து ஒவ்வொருவர் விரலிலும் பேஸ்டைப் பிதுக்கிக் குழாயடிக்கு விரட்டினேன். இனிப்பாக இருந்ததால் பாதிப் பேர் விழுங்கியே விட்டார்கள். நசுங்கிய டியூபைப் பெட்டிக்கு அடியில் ஒளித்தேன்.

சற்று நேரத்தில் டாக்டரம்மா வந்து, “யாரும் தேய்க்கலதானே?” என்று கேட்டார்.

“இல்லீங்க மேடம்.”

பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள், பிறகு தரையைப் பார்த்தார்கள்.

சில வாரம் கழித்து அவர் மறுபடி வந்தபோது அழுது முகம் வீங்கியிருந்தது. “‘முன்’னு எழுதின குப்பியிலயே ஃப்ளோரைடு ஜாஸ்தியா இருக்கு டீச்சர். நான்தான் சீட்டை மாத்தி ஒட்டிட்டேன்னு புரொபசர் சொல்லிட்டாரு. மறுபடி எடுக்கவும் விடமாட்டேன்னுட்டாரு.” அப்போதாவது சொல்லியிருக்கலாம். தொண்டை வரை வந்தது; வேலைக்கு ஆபத்து வருமோ என்ற பயத்தில் விழுங்கிவிட்டேன். “தப்பு என்னுதாதான் இருக்கும், பசங்க பாவம்” என்று சொல்லி, சீட்டு ஒட்டி மிச்சமிருந்த காலிக் குப்பிகளை அவர்களுக்கு விளையாடக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினார். படிப்பையே விட்டுவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அன்று வகுப்பில் உருண்டு கிடந்ததுதான் இந்தக் குப்பி. இன்று காலை பல் தேய்த்துவிட்டு இதை எடுத்துப் பார்த்தேன். சீட்டு ஒன்றும் மாறவில்லை அம்மா, நீங்கள் சரியாகத்தான் ஒட்டினீர்கள். அதைச் சொல்ல அவர் விலாசம் தெரியவில்லை என்று இத்தனை வருடமாகச் சொல்லிக்கொள்கிறேன். ஒரு நாள்கூடத் தேடியதில்லை.