என் கணவரின் எண்

சிஞ்ச்வட்டிலிருந்து நாங்களும், என் கணவரின் ஆபீஸ் நண்பர் சேகரும் அவர் மனைவி உமாவும் கொங்கண் கடற்கரைக்குப் போயிருந்தோம். மாரத்தான் ஓட என் கணவர் மட்டும்தான் பெயர் கொடுத்திருந்தார். சேகர் வேடிக்கை பார்க்கக் கூடப் போனார். நானும் உமாவும் கடலோரக் கோட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தோம்.

என் போன் அடித்தது. என் கணவர் ஓடும்போது விழுந்துவிட்டதாகவும், நிலைமை மோசம் என்றும் இந்தியில் சொன்னார்கள். ரிக்‌ஷாவில் உமா என் கையை விடவே இல்லை. "ஒண்ணும் ஆகாதுடி, அழாத."

ஆஸ்பத்திரி வாசலில் என் கணவர் நின்றிருந்தார். "ஐயோ, நல்லவேளை!" என்று கத்தி அவரைக் கட்டிக்கொண்டேன்.

"நான்தான் சொன்னேன்ல?" என்று உமாவும் சிரித்தாள். பிறகு கேட்டாள், "அவர் எங்க, அண்ணா?"

முட்டி வலி என்று தன் எண் அட்டையைச் சேகரின் பனியனில் குத்தி ஓட அனுப்பியிருக்கிறார் இந்த மனுஷர். அட்டையின் பின்னால் அவசரத்துக்கு என்று எழுதியிருந்தது என் போன் நம்பர். நாங்கள் வருவதற்குள் சேகரின் உயிர் போய்விட்டது.

என் கணவர் இன்னும் ஓடுகிறார். அட்டையை நானே குத்திவிட்டு, அவர் ஓட ஆரம்பிக்கும்வரை அங்கேயே நிற்கிறேன். அவர் முழுசாகத் திரும்பி வந்தாலும், 'நல்லவேளை' என்று மட்டும் நான் சொல்வதில்லை.