லிஃப்ட்டக்காவும் நின்று நின்று ஓடிய பெட்டியும்

அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் அவள் லிஃப்ட்டக்கா. இருபத்திரண்டு வருஷமாக லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. மொட்டைமாடி மோட்டார் அறைக்குள் குனிந்து நுழைந்து ஒரு நிமிஷம் காது கொடுத்தால் போதும், எந்த மாடியில் கோளாறு என்று சொல்லிவிடுவாள். வேலையில் அவ்வளவு கறார். ஆனால் சிரிப்பு வந்துவிட்டால் ஆளே வேறு. ஸ்பேனரைக் கீழே வைத்து, சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்து முடித்த பிறகுதான் அடுத்த திருகாணியைத் தொடுவாள்.

அவள் புருஷன் அதற்கு நேரெதிர். தபால் அலுவலகத்தில் வேலை. பக்கத்து மேஜைக்காரருக்கே அவர் குரல் எப்படி இருக்கும் என்று தெரியாது. அப்படிப்பட்ட மனுஷர் போன வருஷம் ஒரு டிவி பாட்டு நிகழ்ச்சியைப் பார்க்கப் போனார். நடத்துகிற பெண் சும்மா மைக்கை நீட்ட, இவருக்குள் என்ன புகுந்ததோ, எழுந்து பாடியேவிட்டார். முதல் வரி வந்தது. இரண்டாவது வரி மறந்துபோனது. விடாமல் முதல் வரியையே திரும்பப் பாடினார். அப்படி நான்கு தடவை. அரங்கமே எழுந்து தாளம் போட்டது.

அது டிவியில் வந்தபோது லிஃப்ட்டக்கா டிவியோடு இணைத்த ரெக்கார்டர் பெட்டியில் பதிந்து வைத்திருந்தாள். களைத்து வருகிற நாளில் போட்டுப் பார்ப்பாள். முதல் வரி தொடங்கும் முன்பே புருஷன் துணி காய்ந்துவிட்டதா என்று பார்க்கப் பால்கனிக்குப் போய்விடுவார். கொடியில் துணியே இல்லாத நாளிலும் போவார்.

ஒரு வாரமாகப் பெட்டி சண்டித்தனம் செய்தது. படம் பாதியில் அப்படியே நிற்கும், உள்ளே டிக் டிக் என்று சத்தம் வரும், பிறகு தானே அணைந்து தானே கிளம்பும். பார்க்க வந்த கடைக்காரர், ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, வேறு போட்டால் பதிந்ததெல்லாம் போனதுதான் என்றார். கழற்றிக் கம்ப்யூட்டரில் மாட்டினால் கிடைக்காதா என்று கேட்டதற்கு, இந்தப் பெட்டி பூட்டுப் போட்டுப் பதிகிறது, வேறெங்கும் திறக்காது என்று கையை விரித்தார். புருஷன் முகத்தில் அன்றைக்குத் தெரிந்த நிம்மதியை லிஃப்ட்டக்கா கவனிக்காமல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை நாத்தனார் வந்தாள். பல் டாக்டரிடம் வரவேற்பில் இருப்பவள், அண்ணி சிரித்தால் கூடவே சிரிக்கிற ஜாதி. டிஸ்கைக் கழற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் சரியாகிவிடும் என்று யாரோ சொன்னார்களாம். தயிருக்கும் தக்காளிக்கும் நடுவே தன் புருஷன் குளிரில் நின்று பாடுகிற மாதிரி நினைத்துப் பார்த்தாள் லிஃப்ட்டக்கா. சிரித்துச் சிரித்துப் பத்து நிமிஷம் போயிற்று, இரண்டு பேராலும் எழுந்திருக்க முடியவில்லை.

அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலையில் இறங்கினாள். பெட்டியை அலமாரியிலிருந்து வெளியே எடுத்து, காற்றுத் துளைகளில் அடைந்திருந்த தூசியைத் தூரிகையால் தட்டினாள். மூடியைத் திறந்து டிஸ்கின் கேபிளைக் கழற்றி மறுபடி மாட்டினாள். டிக் டிக் நிற்கவில்லை. ஸ்க்ரூடிரைவரின் முனையை டிஸ்கில் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக் கேட்டாள். சும்மா இருக்கும்போது சீராகச் சுற்றியது. இரண்டு சேனலை ஒரே நேரத்தில் பதியவிட்டதும்தான் திணறியது.

“இது டிஸ்க் கோளாறு மாதிரி தெரியல,” என்றாள். “எட்டு பேர் ஏறினா மட்டும் லிஃப்ட் திணறுதுன்னா, நான் முதல்ல கரண்ட்டைத்தான் பார்ப்பேன்.”

மீட்டரை எடுத்து, பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கும் அடாப்டரை அளந்தாள். பன்னிரண்டு வோல்ட் வரவேண்டும். பதிவு ஓட ஓட அது பதினொன்று, பத்தரை என்று இறங்கியது. அவள் பையில் லிஃப்ட் கேமராவுக்கான அடாப்டர் ஒன்று கிடந்தது. அதே வோல்ட், அதே ஆம்பியர், அதே பின். இரண்டு தடவை சரிபார்த்துவிட்டுச் செருகினாள்.

பெட்டி கிளம்பியது. டிஸ்கைச் சோதிக்கிறேன், காத்திருக்கவும் என்று திரையில் எழுத்து வந்தது. பத்து சதவீதம், இருபது, முப்பது. நாத்தனார் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணையும் உரக்கப் படித்தாள். அறுபத்து மூன்றில் போய் நின்றுகொண்டது. கால் மணி நேரம் அசையவில்லை. லிஃப்ட்டக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை, எழுந்து அறையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். எப்போது வந்தாரோ, புருஷன் கதவோரம் நின்றுகொண்டிருந்தார்.

அறுபத்து நான்கு என்று அவர்தான் சொன்னார்.

அதன்பிறகு தடதடவென்று ஏறி நூறு வந்தது. பட்டியல் திறந்தது. எல்லாம் அப்படியே இருந்தது. லிஃப்ட்டக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. நாத்தனாரைக் கட்டிப்பிடித்துக் குதித்ததில் டீப்பாய் நகர்ந்து சுவரில் இடித்தது. ரிமோட்டைத் தேடி எடுத்து அழுத்தினாள்.

பாட்டு தொடங்கியது. புருஷன் பால்கனிக்குப் போகவில்லை. சோபாவின் நுனியில் உட்கார்ந்து, யாரையோ பார்ப்பதுபோலத் தன்னையே பார்த்தார். மூன்றாவது தடவையாக முதல் வரி வந்தபோது அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று பயந்து லிஃப்ட்டக்கா குனிந்து பார்த்தாள். மனுஷர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

“சவுண்டைக் கொஞ்சம் கூட்டு,” என்றார்.

கூட்டினாள். நான்காவது தடவைக்கு மூன்று பேரும் சேர்ந்து பாடினார்கள். ஒருவர் சுருதியும் இன்னொருவரோடு சேரவில்லை. முடிந்ததும் நாத்தனார் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று செருப்பை மாட்டினாள்.

“அண்ணா, இரண்டாவது வரி என்னதான்?”

அவர் யோசித்தார். நெற்றியைத் தடவினார். இன்னமும் வரவில்லை. சிரிப்பு தாங்காமல் நாத்தனார் செருப்போடு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள், லிஃப்ட்டக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். அந்த பஸ் போய்விட்டது.