அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நில்

சனிக்கிழமை மாலை நாலு இருபதுக்கு எல்லாம் கோணலாகப் போக ஆரம்பித்தது. ஏ.எஸ்.ராவ் நகர் ஸ்டாப்பில் பஸ் வந்ததும், பெண்களுக்கு முன்வாசல், ஆண்களுக்குப் பின்வாசல் என்ற இந்தத் தெலுங்கு ஊர் வழக்கப்படி என் பெண் முன்னால் ஏறினாள், நான் பின்னால் தொற்றிக்கொண்டேன். நடுவில் கம்பித் தடுப்பு, அதன் இருபுறமும் தலைகள். கண்டக்டரிடம் அவளுக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கிவிட்டு நிம்மதியாக நின்றேன்.

மாரெட்பள்ளியில் இறங்கி முன்வாசலுக்கு ஓடினேன். பெண்கள் எல்லோரும் இறங்கி முடித்தார்கள். அவள் இல்லை.

அவளுக்குப் பன்னிரண்டு வயது. தமிழில் கேட்டால் தெலுங்கிலோ ஹிந்தியிலோ பதில் சொல்வாள். மாரெட்பள்ளியில் இருந்த தமிழ்ப் புத்தகக் கடையில் அன்று ஒரு பெரிய பெண் எழுத்தாளரின் வாழ்க்கையைப் பற்றிப் பேச்சு. அவரைப் பற்றிப் புத்தகம் எழுதிய அம்மாள் மெட்ராஸிலிருந்தே வருகிறார் என்று சொல்லி, முடிந்ததும் ஐஸ்கிரீம் என்று ஆசை காட்டித்தான் இவளைக் கிளப்பியிருந்தேன்.

கடைக்கு வழி அவளுக்குத் தெரியும். ஒருவேளை எனக்கு முன்னால் போயிருப்பாளோ என்று ஓடினேன். அங்கும் இல்லை. கடைக்காரர் போனை என் பக்கம் தள்ளினார். எதிர்வீட்டுக்குப் போன் போட்டு மனைவியைக் கூப்பிடச் சொன்னேன். நான் சொன்னதைக் கேட்டதும் அவள் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க போட்ட ரூல்தானே? ஒருத்தர் மட்டும் ஏறிட்டா அடுத்த ஸ்டாப்ல இறங்கி நிக்கணும்னு. உங்களைக் காணோம்னு இறங்கி நிக்கிறாளோ என்னவோ."

தொழிற்சாலையில் எதற்கும் ஒரு நடைமுறை எழுதி ஒட்டிப் பழகிய கை, வீட்டையும் விடவில்லை. ஆனால் இரண்டு பேருமே ஒரே பஸ்ஸில் இருந்தால் என்ன செய்வது என்று அந்த விதியில் இல்லை.

போய்ப் பார்க்கிறேன் என்றேன். நான் கிளம்பின நேரத்தில் பெண் கடைக்கு வந்து நின்றால் என்ன ஆகும் என்று மனைவி கேட்டாள். அந்த அடுத்த ஸ்டாப்புக்குத் தானே போய்ப் பார்ப்பதாகவும் நான் இடத்தை விட்டு அசையக்கூடாது என்றும் சொல்லி வைத்துவிட்டாள்.

பேச்சு தொடங்கியிருந்தது. நான் வாசல்படியில் நின்றேன். உள்ளே வந்து உட்காரும்படியும், வாசலுக்குக் காவல் போடுகிற அளவுக்குத் தன் கடை வளரவில்லை என்றும் கடைக்காரர் மெதுவாகச் சொன்னார். ஒரு காதைத் தெருவில் வைத்து மறு காதால் கேட்டேன். அந்த எழுத்தாளரை அவருடைய அப்பா தனியாக எங்கும் விட்டதில்லையாம். முதல் கூட்டத்தில் தன் கதையைப் படிக்கப் போனபோது, "நீங்க வெளியிலேயே இருங்கப்பா" என்று மகள் சொல்லிவிட, மனிதர் ஜன்னலுக்கு வெளியே மழையில் நின்றபடி முழுக்கக் கேட்டாராம். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அந்த அப்பாமேல் பொறாமையாக இருந்தது. அவருக்காவது மகள் கண்ணெதிரே இருந்தாள்.

ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் தெருமுனை வரை போய்த் திரும்பினேன். தெருவிளக்கு எரிந்தது. கைதட்டல் கேட்டது, நாற்காலிகளை மடக்கினார்கள், பேசிய அம்மாள் கையெழுத்துப் போட உட்கார்ந்தார்.

இதெல்லாம் நடந்தது போன மாதம். இன்னும் பஸ்ஸின் முன்வாசலைக் கண்டால் கழுத்தை நீட்டித் தலைகளை எண்ணுகிறேன்.

அன்று அந்தக் கையெழுத்து நேரத்தில்தான் தெருமுனையில் என் பெண் தெரிந்தாள். பின்னல் அவிழ்ந்து, முகம் சிவந்து, ஓடவில்லை, விறுவிறுவென்று நடந்து வந்தாள். அடுத்த ஸ்டாப்பில் நின்று, வந்த ஒவ்வொரு பஸ்ஸிலும் ஏறி ஆண்கள் பக்கம் எட்டிப் பார்த்திருக்கிறாள். அப்படி ஒரு பஸ்ஸுக்குள் இருந்த நேரத்தில்தான் அவள் அம்மா அந்த ஸ்டாப்புக்கு வந்து, காணாமல் திரும்பியிருக்கிறாள். கடைசியில் ஒரு கண்டக்டரிடம், அப்பா டிக்கெட்டோடு தொலைந்துபோய்விட்டார் என்று சொல்லி வந்து சேர்ந்திருக்கிறாள். நான்தான் அவள் கையைப் பிடித்தேன் என்று நினைத்தேன். அவள்தான் பிடித்திருந்தாள்.

"உங்க ரூல் நக்கோ நான்னா," என்றாள், வேண்டாம் அப்பா என்பதை இந்த ஊர்ப் பேச்சில். பிறகு முழுக்கத் தமிழில், "இனிமே தவறிட்டா, எங்க போகணுமோ அங்கயே நேரா போயிடலாம். நீங்க பயப்படாம உள்ள உக்காந்து கேளுங்க. நான் வந்துடுவேன்."