கோட்டைக்கு முன்னால் விட்ட இடம்

எங்கள் கலியாண ஆல்பத்தின் ஏழாம் பக்கத்தில் நானும் மனைவியும் ஒரு வெள்ளைக் கோட்டைக்கு முன்னால் நிற்கிறோம். கூரான கோபுரங்கள், சுற்றிவர மஞ்சளும் சிவப்புமாய்க் காடு. உண்மையில் நாங்கள் நின்றது கியூபெக்கில், கோட்-டெ-நெய்ஜ் என்ற இடத்தில் ஒரு மண்டபத்துக்குள், பச்சைத் துணி ஒன்றுக்கு முன்னால். மாசி மாதக் குளிரில் பட்டு வேட்டியோடு வெளியே போயிருந்தால் படத்துக்குப் பதிலாக அம்புலன்ஸ்தான் வந்திருக்கும். ஆகவே படக்காரர் எங்களை வெட்டியெடுத்துக் கோட்டைக்கு முன்னால் ஒட்டிவிட்டார்.

ஆல்பம் கைக்கு வந்த அன்றே மனைவி இது எவடம் என்று கேட்டாள். படக்காரருக்கே தெரியவில்லை, கணினியில் கிடந்தது என்றார். அவள் கேள்வியை விடவில்லை. வீட்டுக்கு வருகிற யாராவது ஆல்பத்தைப் புரட்டினால் ஏழாம் பக்கத்தில் நிறுத்தி, தெரியுமா என்று விசாரிப்பாள். ஒருவர் சுவிஸ் என்றார். இன்னொருவர் அடித்துச் சத்தியம் பண்ணாத குறையாக, அது கியூபெக் நகரத்து ஹோட்டல் என்றார்.

இதற்கிடையில் நானே படக்காரனாகிவிட்டேன். வார நாட்களில் ஆஸ்பத்திரி வேலை, சனி ஞாயிறில் கலியாணமும், பூப்படைந்த பிள்ளைகளின் சாமத்திய வீடும். எத்தனையோ பிள்ளைகளை அருவிக்கும் அரண்மனைக்கும் முன்னால் ஒட்டியிருக்கிறேன். இந்தத் தொழிலில் இடம் முதலில், ஆட்கள் பிறகு. பின்னணிப் படத்தின் நடுவில் இரண்டு பேர் நிற்கிற அளவுக்கு வெறுமையாக விடவேண்டும். அந்த இடத்தில் ஒரு காகம் இருந்தாலும் எனக்குக் கை அரிக்கும்.

போன வருடம் மகள்தான் அந்தக் கோட்டையை இணையத்தில் கண்டுபிடித்தாள். ஜெர்மனியின் தெற்கு விளிம்பில், அல்ப்ஸ் அடிவாரத்தில் இருக்கிறது. ஒரு ராசா ஆசை ஆசையாகக் கட்டத் தொடங்கி, முடிக்க முன்னமே செத்துப்போனானாம். மனைவியின் தங்கச்சி குடும்பம் ஸ்டுட்கார்ட்டில் இருந்ததால் பயணம் உடனே முடிவாயிற்று. மனைவிக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்.

"அவடத்தில நாங்கள் ரெண்டுபேரும் உண்மையா நிண்டு ஒரு படம் எடுக்கோணும்," என்றாள். "அது காணும்."

எனக்கு வேறு ஒரு குறுகுறுப்பு இருந்தது. அந்தப் பழைய படத்தில் எங்கள் உடம்பு எதை மறைத்துக்கொண்டு நிற்கிறது? இருபது வருடத்துக்கு மேலாக என் தலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

புரட்டாதியில் போனோம். சகலனுக்கு முழங்கால் நோ, ஆகவே அவரும் மச்சாளும் கீழே கோப்பிக் கடையில் இருந்துவிட்டார்கள். நாங்கள் இருவரும் மலை ஏறினோம். படக்காரன் பக்கத்தில் இருக்கும்போது போன் எதற்கு என்று மனைவி அதைக் காரிலேயே விட்டுவிட்டு வந்தாள். புதிதாக வாங்கிய நீலச் சால்வையைப் போட்டிருந்தாள்.

கோட்டைக்கு எதிரே, ஆழமான பள்ளத்துக்கு மேலாக ஒரு ஒடுங்கிய பாலம். அதில் ஏறிக் கமெராவைத் தூக்கினேன். அதே கோணம்! ஆல்பப் படத்தில் என் தலைக்குப் பின்னால் இருந்தது ஒரு ஏரி. பச்சை வயல்களுக்கு நடுவே, சிவப்புக் கூரை வீடுகளுக்கு அப்பால், அகலமாக வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. இவ்வளவு பெரிய ஏரியை என் தலை மறைத்திருக்கிறதே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. மனைவியின் தோளுக்குப் பின்னால் என்ன, கோட்டையின் மற்றப் பக்கம் எப்படி, அந்த ஜன்னலுக்குள் ஆள் தெரியுமா என்று ஒன்றைப் பார்க்க இன்னொன்று இழுத்தது. பாலத்தைக் கடந்து காட்டுப் பாதையில் ஏறினேன், இறங்கினேன், திரும்பவும் ஏறினேன். மனைவி என் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். நான் கமெராவைத் தூக்கும்போதெல்லாம் சால்வையைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்து நின்றாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லும்," என்றேன். "முதல் இடத்தை எடுப்பம்."

எத்தனை தரம் அப்படிச் சொன்னேன் என்று இப்போது நினைக்கவே வெட்கமாக இருக்கிறது. பேந்து முகில் இறங்கிக் கோட்டையை மூடிவிட்டது. அரைமணித்தியாலம் காத்து நின்றோம், விலகவில்லை. மழை தூறத் தொடங்க, சகலன் தேடுவார் என்று இறங்கினோம். காரில் மனைவி சால்வையை மடித்து வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். மலை ஏறிய களைப்பு என்று நினைத்தேன்.

ரொக்ஸ்பரோவில் எங்கள் வீட்டுக்குத் திரும்பிவந்து படங்களைக் கணினியில் ஏற்றினேன். நானூற்றுச் சொச்சம் படங்கள். மனைவி பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு கடைசிப் படம் வரைக்கும் பொறுமையாகப் பார்த்தாள். ஒன்றிலும் ஆள் இல்லை. எல்லாவற்றிலும் நடுவில் இரண்டு பேருக்கு அளவாக வெறும் இடம்.

எங்கட படம் எங்கே என்று கேட்டாள். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. அந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நானோ, அதற்கென்ன, ஒட்டிவிடலாம் என்றேன்.

இரண்டு பின்னேரம் இருந்து செய்தேன். ஸ்டுட்கார்ட்டில் மச்சாள் வீட்டு வாசலில் எடுத்த படத்திலிருந்து எங்களை வெட்டியெடுத்தேன். வெயில் விழுகிற பக்கத்தைத் திருத்தினேன், காலடியில் நிழல் போட்டேன். என் கைவேலையில் இதைவிடத் திறமானது இல்லை. பெருமையோடு அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவள் பார்த்துவிட்டு எழும்பிப் போய்ப் பழைய ஆல்பத்தை எடுத்துவந்தாள். ஏழாம் பக்கத்தைத் திறந்து திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

"அப்ப போகேல்லை. இப்ப போனது," என்றாள். "ரெண்டும் ஒரே மாதிரித்தானே கிடக்கு."

ஆல்பத்தை மூடி வைத்துவிட்டு அவள் சோறு போடப் போனாள்.

அந்தக் கிழமை முழுவதும் நானூற்றுச் சொச்சம் படங்களையும் ஒவ்வொன்றாகப் பெருப்பித்துத் தேடினேன். பாலத்தில் எடுத்த ஒன்றில், இடப்பக்க விளிம்பில், காற்றுக்கு எழும்பிய நீலச் சால்வையின் முனை விரலளவு தெரிந்தது. வழமையாக முதல் வேலையாக வெட்டி எறிந்திருப்பேன். இந்தத் தரம் ஒன்றும் வெட்டாமல் பெரிதாக அச்சடித்துச் சட்டம் போட்டு, விறாந்தைச் சுவரில் மாட்டினேன்.

மனைவி வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்றியபடி அதைப் பார்த்தாள். கிட்டப் போய் அந்த நீலத் துண்டில் விரலை வைத்தாள்.

"கொஞ்சம் இடப்பக்கம் திருப்பியிருந்தா," என்றாள், "நான் முழுசா வந்திருப்பன்."