கப்பலில் காற்று எங்கிருந்து வருகிறது?

அந்த வாரப் பத்திரிகையின் நடுப்பக்கப் படம் இன்னும் கண்ணில் நிற்கிறது. கரிய வானத்தில் ஒரு வெள்ளிக் கப்பல், அதன் வட்டச் சன்னலில் ஆறு முகங்கள். அறுபதுகளின் தொடக்கம். மனிதன் அப்போதுதான் பூமியைச் சுற்றிவிட்டு வந்திருந்தான். இங்கே தொடர்கதையில் ஆறு பேர் நட்சத்திரத்துக்கே கிளம்பிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை பங்காருபேட்டையிலிருந்து வரும் ரயிலில் பத்திரிகைக் கட்டு இறங்கும். பள்ளிக்கூடம் விட்டதும் எங்கள் தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸின் ஸ்டேஷனுக்கு ஓடுவேன். வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிற டீச்சர் கதைப் புத்தகத்துக்கு இப்படி ஓடுகிறாளே என்று ஊர் சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டும். அந்தக் கப்பலை நினைத்து நான் தூங்காத இரவுகள் உண்டு.

அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். சுரங்கத் தொழிலாளர் லைனில் ஒற்றை அறை வீடு. அக்காவின் கணவரான மாமா பகல் ஷிப்ட் முடிந்து வந்து, குளித்து, சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். அக்கா முறத்தில் அரிசி புடைப்பாள். நான் உரக்கப் படிப்பேன். தூங்கிவிட்டாரோ என்று நிறுத்தினால், "இன்னா டீச்சரம்மா, கப்பல் பஞ்சரா?" என்பார்.

சுரங்கத்தைப் பற்றி வீட்டில் பேசக் கூடாது என்பது லைன் ஆண்களின் எழுதாத சட்டம். பெண்கள் உள்ளே போகவும் முடியாது. கல்யாணமான புதிதில் அக்கா ஒருமுறை, "உள்ள எப்டிங்க கீது?" என்று கேட்டாளாம். "இருட்டா கீது" என்றாராம் மாமா. அதோடு சரி. தன் புருஷன் தினமும் எங்கே போய்வருகிறான் என்று அவளுக்குத் தெரியாது. அது அவளை அரித்துக்கொண்டே இருந்தது.

கப்பல்தான் மாமாவின் வாயைத் திறந்தது. ஆறு பேரும் கதவை அடைத்துக்கொண்டு கிளம்பிய வாரம், மூடிய கண்ணோடு கேட்டார். "காத்து எங்கருந்து வருதாம்?"

கதையில் அது இல்லை என்றேன்.

"அத்த எழுத வேணாமா? காத்துக் குழாய் நின்னா மொதல்ல காதுக்குத்தான் தெரியும். அந்த சத்தம் நின்னுடும். மூக்குக்கு அப்புறம்தான் தெரியும்."

அக்காவின் கையில் முறம் அப்படியே நின்றது. அவள் கெட்டிக்காரி. அடுத்த வாரம் நான் படித்து முடித்ததும், ஒன்றும் அறியாதவள் போல, "கப்பல்ல சோறு எப்டிங்க துன்னுவாங்க?" என்றாள்.

"ஒரே வெளக்க வச்சிக்கினு மத்தத அணைச்சிடுவாங்க. கூட்டாளிங்க எல்லாம் சுத்தி குந்திக்குவாங்க. யார் ஊட்டுக் கொழம்புன்னு வாசனையிலயே தெரிஞ்சிடும்."

கப்பலில் குழம்பு ஏது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பேச்சு நின்றிருக்கும். ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டான கேஜ் இறங்கும்போது காது அடைப்பது, தொட்டால் கல் சுடுவது எல்லாம் வாரா வாரம் அந்த வெள்ளிக் கப்பலில் ஏறிவந்தன. மேலே ஆறு பேர் போகிறார்கள், கீழே இவர் போகிறார். எனக்குப் புல்லரித்தது.

ஒரு பிற்பகல் வீட்டுப் பாத்திரங்கள் கடகடவென்று அதிர்ந்தன. உள்ளே பாறை வெடித்தால் மேலே எங்களுக்குச் சேதி அப்படித்தான் வரும். மாமா திரும்பி வந்துவிட்டார். அவரோடு ஒரே விளக்கில் சாப்பிட்ட கூட்டாளி வரவில்லை. மறுநாள் ஷிப்ட் சங்கு ஊதியும் மாமா எழவில்லை. அதற்கு மறுநாளும் அப்படியே. வேலையை விட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். எங்களுக்குப் போக வேறு இடம் கிடையாது. போ என்றும், போகாதே என்றும் சொல்ல அக்காவுக்கு வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமை அவராகவே, "படி" என்றார். அந்த வாரம் விண்கல் மோதி, கப்பலில் ஒருவன் செத்துப்போனான். அடுத்த பத்தியிலேயே தலைவன் சிரித்துக்கொண்டு கப்பலைச் செலுத்தினான்.

"நிறுத்து" என்று மாமா எழுந்து உட்கார்ந்தார். "கூட இருந்தவன் பூட்டான், இவன் சிரிக்கிறானா? எழுதனவனுக்கு பயம்னா இன்னான்னு தெரியல."

அக்கா மெல்லக் கேட்டாள். "கப்பல்ல போறவருக்கு பயமா இருக்குமா?"

"இருக்கும். கேஜ் கதவ மூடுறப்பல்லாம் இருக்கும்."

"அப்ப எறங்கிடச் சொல்லுங்க. கப்பல் போனா போவுது. மரத்தடியில கூட குடும்பம் பண்ணலாம்."

மாமா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பத்திரிகையை மூடிவிட்டேன்.

திங்கட்கிழமை சங்கு ஊதியதும் எழுந்து சாப்பாட்டுத் தூக்கை எடுத்தார். அக்கா பதறி, "நான்தான் வேணாம்னு சொன்னேனேங்க" என்றாள். "எறங்கிடலாம்னு நீ சொன்னதாலதான் போவ முடியுது" என்றார். பயம் போய்விட்டதா என்று நான் கேட்டேன்.

"அது எங்க போவும்? அதுவும் ஷிப்டுக்கு வரும்."

இன்றும் தொலைக்காட்சியில் ராக்கெட் எழும்பினால் வாயில் வைத்த சோற்றை மெல்லவும் மறந்து பார்க்கிறேன். எண்பது தாண்டியும் அந்தப் பிரமிப்பு குறையவில்லை. ஆனால் கேஜ் கதவை நோக்கித் தெருவில் நடந்துபோன அந்த முதுகைப் பார்த்தபோது வந்த பிரமிப்பு வேறு. பயப்படாத ஆறு பேரை நான் வியந்துகொண்டிருந்தேன். பயத்தோடு தினமும் போய்வந்தவர் எங்கள் வீட்டில் சுவரோரம் சாய்ந்திருந்தார்.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் மாமா வந்தார், குளித்தார், சுவரில் சாய்ந்தார். கண்ணை மட்டும் மூடவில்லை. நான் ஏதாவது படிக்கட்டுமா என்றேன். வேண்டாம் என்று கையசைத்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டார்.

"இங்க வந்து குந்து. உள்ள எப்டி கீதுன்னு கேட்டியே, சொல்றேன்."